ஏறாமல் விட்ட பஸ்

உமையாள் அம்மையின் மடத்துக்கு வருகிறவர்கள் அம்மையிடம் கடவுளைப் பற்றிக் கேட்பார்கள். சுயம்புலிங்கத்திடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்பார்கள்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். நாலு அறை, ஒரு கிணறு, தென்னை மரங்கள். அம்மைக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். சுயம்புலிங்கம் அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். மனைவி செல்லத்தாய் இறந்தபிறகு, யார் சொல்லியும் கேட்காமல் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். அவர் அம்மையை "அம்மா" என்பார். அம்மை அவரை "ஐயா" என்பார். யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

உரக் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை பார்த்தவர் சுயம்புலிங்கம். ஆயுசில் பாதியைப் பஸ்ஸில் கழித்தவர். மடத்திலிருந்து யார் ஊருக்குக் கிளம்பினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

"பின்சக்கரத்துக்கு மேல உட்காராதீய. முதுகு போயிரும்."

"வாந்தி வாரவுக ஜன்னல் ஓரத்துல உட்காந்து தூரத்தைப் பாக்கணும். போனைப் பாக்கப்படாது."

"வழியில நிப்பாட்டுத ஓட்டல்ல ஒண்ணும் திங்காதீய. இறங்குனா பஸ் நம்பரைப் பாத்துட்டு இறங்குங்க. ஒரே கலர்ல நாலு வண்டி நிக்கும்."

"இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டர்ட்ட மட்டும் சொல்லி வைக்காதீய. அவரு மறந்திருவாரு. பக்கத்து சீட்டு ஆள்ட்டயும் சொல்லி வைங்க."

இதையெல்லாம் கேட்டு அம்மை சிரித்துக்கொள்வார். "ஐயா, இந்த விஷயத்துல நீங்கதான் குரு" என்பார். சுயம்புலிங்கத்துக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு.

தை மாதம் ஒருநாள் காலையில், பூ கட்டிக்கொண்டிருந்தவருக்குப் போன் வந்தது. பேசியது முத்தரசி. உடன்குடியில் இருக்கிற அவருடைய அக்கா ஆவுடையம்மாளின் மகள்.

"மாமா, எங்கம்மைக்கு ரொம்ப முடியலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்ம உங்களத்தான் கேக்கா. இன்னைக்கே வாங்க மாமா."

சுயம்புலிங்கம் "வாரேம்மா" என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அக்காவோடு பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. செல்லத்தாய் செத்துக் கிடந்தபோது, கூடியிருந்த சனம் அத்தனைக்கும் நடுவில் அக்கா கேட்டாள்: "பஸ்லயே குடியிருக்கவனுக்குப் பொண்டாட்டி எதுக்குல?" அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் கோபம் வந்தது. அதற்குப்பிறகு அவர் உடன்குடிப் பக்கமே போகவில்லை. நல்லது கெட்டது எதற்கும் போகவில்லை.

அம்மையிடம் போய்ச் சொன்னார்.

"கிளம்புங்க, ஐயா."

"நீங்களும் கூட வந்தா நல்லாயிருக்கும்மா."

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாங்க."

ஆனால் சுயம்புலிங்கம் உடனே கிளம்பிவிடவில்லை. மாற்று வேட்டியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். எலுமிச்சம்பழம் தேடினார். தண்ணீர் பாட்டிலைக் கழுவினார். அம்மை வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்.

தென்காசி பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. முகூர்த்த நாள். போதாததற்குத் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகிற கூட்டம் வேறு. பச்சை வேட்டி, காவி வேட்டி, பட்டுச்சேலை, அழுகிற குழந்தைகள்.

முதல் பஸ் வந்தது. நிற்பதற்குள் படி நிறைந்துவிட்டது.

"திருச்செந்தூர், திருச்செந்தூர்! உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு!" என்று கண்டக்டர் கத்தினார்.

"இவன் சொல்லுத எடத்துல நம்ம பையைக்கூட வைக்க முடியாதும்மா" என்றார் சுயம்புலிங்கம். "அடுத்தது வரட்டும்."

அம்மை பஸ்ஸைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"சரி, ஐயா."

பஸ் திரும்பி வெளியே போனது. சுயம்புலிங்கத்துக்கு மூச்சு இலகுவாக வந்தது. கூட்டத்தில் மாட்டாமல் தப்பித்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் டீக்கடை ஓரமாக நின்றார்கள். அம்மை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றார். முழங்காலில் அவருக்குத் தொந்தரவு உண்டு.

"அம்மா, உள்ள போனதும் அக்காட்ட முதல்ல என்ன சொல்லணும்?"

"என்னன்னு கூப்பிடுவீங்க?"

"அக்கான்னுதான்."

"அது போதும்."

அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். பஸ் ஏறுமுன் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்.

அடுத்த பஸ் வந்தபோது கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. கடைசி வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. அம்மை படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"அம்மா, வேண்டாம். கடைசி சீட்டு. தூக்கித் தூக்கிப் போடும். உங்க முழங்காலுக்கு ஆகாது. அடுத்த வண்டி இங்கயிருந்தே கிளம்புது. நல்ல எடமாப் பிடிக்கேன் பாருங்க."

அம்மையின் கால் படியிலேயே இருந்தது. விசில் சத்தம் கேட்டது. அம்மை காலை எடுத்துக்கொண்டார்.

அடுத்த பஸ் வர வெகுநேரம் ஆனது. வந்ததும் சுயம்புலிங்கம் இளவட்டம்போல ஓடினார். ஜன்னல் வழியாகத் துண்டை வீசி, டிரைவருக்கு நாலு வரிசை பின்னால், இடது பக்கம், இரண்டு பேர் சீட்டைப் பிடித்துவிட்டார்.

"கிழக்க போற வண்டில தை மாசம் இடது பக்கந்தான் நிழலு. வலது பக்கத்துக்காரனெல்லாம் இப்பப் பாருங்க, சேலையையும் துண்டையும் ஜன்னல்ல கட்டுவான்."

அப்படியேதான் நடந்தது. ஆலங்குளம் தாண்டுவதற்குள் வலது பக்கத்தில் துண்டுகள் தொங்கின. இடது பக்கம் நல்ல காற்று. சுயம்புலிங்கத்துக்கு மனசு லேசாகிவிட்டது. எந்த ஊரில் எந்த வளைவில் வண்டி குலுங்கும் என்று அம்மைக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மை காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

திருநெல்வேலி தாண்டியதும் போன் அடித்தது.

"எங்க வாரீய மாமா?"

"நெல்லை தாண்டியாச்சும்மா. வந்துக்கிட்டேயிருக்கேன்."

"அம்ம முழிச்சிருக்கா. காதுல போனை வைக்கட்டா? ரெண்டு வார்த்தை பேசுங்க."

சுயம்புலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வேண்டாம்மா. பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நேர்லயே வந்து பேசுதேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டார். அம்மை கண் திறந்திருந்தார். அதன்பிறகு சுயம்புலிங்கம் வளைவுகளைப் பற்றிப் பேசவில்லை.

திருச்செந்தூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, உடன்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. அக்கா வீட்டுத் தெருவில் திரும்பியதும் அழுகைச் சத்தம் கேட்டது.

சுயம்புலிங்கத்தின் கால் நின்றுவிட்டது. அம்மை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் நடந்தார்கள்.

முத்தரசி ஓடிவந்து அவர்மேல் விழுந்தாள்.

"மாமா, இப்பத்தான் மாமா. அரை மணிநேரம்கூட ஆகலை. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. கண்ணை மூடவே இல்ல. நாங்கதான் மூடிவிட்டோம்."

"பஸ் கிடைக்கலைம்மா" என்றார் சுயம்புலிங்கம்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மையின் பக்கம் அவர் திரும்பவில்லை.

அக்காவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டிய முகம் சின்னதாகிப் போயிருந்தது. பஸ் நிலையத்தில் ஒத்திகை பார்த்த அந்த ஒரு சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை.

அத்தானின் தம்பி ஒருவர் வந்து அவர் தோளில் கை வைத்தார். "முகூர்த்த நாளு. பஸ்ஸுக்கு எங்க போக? உம்ம குத்தமா? கொடுப்பினை அவ்வளவுதான்."

பெண்கள் பக்கத்திலிருந்தும் அதே பேச்சு வந்தது. "பாவம், மூச்சு முட்ட ஓடியாந்திருக்காரு. பஸ் கிடைச்சாத்தானே." "விதி, யார் என்ன செய்ய." விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பஸ் கிடைக்காத கதை தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது. அந்தத் தெருவுக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் ஆறுதல் சொல்லச் சொல்ல, அவர் குனிந்த தலை இன்னும் குனிந்தது.

மறுநாள் காலையில் ஒரு பெரியம்மா எழுந்து கேட்டாள்: "பொறந்த வீட்டுக் கோடி எங்க? தம்பி வந்தாச்சுல்லா. குளிப்பாட்டிக் கட்டணுமே."

தாய்வீட்டுச் சேலை. அது அவர்தான் கொண்டுவர வேண்டியது. பையில் எலுமிச்சம்பழம் இருந்தது, மாற்று வேட்டி இருந்தது, சேலை இல்லை.

அம்மை உடன்வர, கடைத்தெருவுக்கு நடந்தார்.

"என்ன கலர்ல பாக்கீய?" என்று கடைக்காரர் கேட்டார்.

சுயம்புலிங்கம் விழித்தார். அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்? அவர் போகாத ஊர் இல்லை. சின்னாளப்பட்டி போயிருக்கிறார். ஆரணி போயிருக்கிறார். ஒரு ஊரிலிருந்தும் அக்காவுக்கென்று ஒரு சேலை எடுத்துவந்ததில்லை.

"எனக்குத் தெரியலைம்மா" என்றார் அம்மையிடம்.

"சின்ன வயசுல என்ன கட்டுவாங்க?"

சேலை அடுக்கை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அரக்குக் கலர்ல ஒரு தாவணி உண்டு. அதுல மூக்கைத் துடைச்சுவிடுவா."

அரக்கில் ஒரு நூல்சேலை எடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில், பனைமரங்களுக்கு நடுவே தெருவில் யாரும் இல்லை. சுயம்புலிங்கம் சேலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்திருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க, ஐயா."

"முத பஸ்ல ஏறியிருந்தா அக்காவைப் பாத்திருப்பனா?"

"பாத்திருப்பீங்க."

அவர் நின்றுவிட்டார். ஊரே சொன்ன ஆறுதலை அம்மையும் வேறு நல்ல வார்த்தையில் சொல்லுவார் என்றுதான் கேட்டிருந்தார்.

"ரெண்டாவதுல?"

"அதுலயும்."

"அப்ப ஏறுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" அவர் குரல் உயர்ந்தது. அம்மையிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. "நீங்க சொல்லி நான் எதைத் தட்டியிருக்கேன்?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

அம்மை கொஞ்சம் தள்ளிக் கிடந்த மைல்கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"கால் வலிச்சது, ஐயா. எனக்கும் உட்கார்ந்து வரணும்னு இருந்தது."

சுயம்புலிங்கம் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்து நின்றார். அடுத்த வாக்கியம் வரவில்லை. அம்மையின் கண் கலங்கியிருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

பனை ஓலைகள் உரசிக்கொண்டன. சுயம்புலிங்கம் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நான் சீட்டுக்காக விடலைம்மா" என்றார்.

"ம்."

"பஸ்ஸு போனதும் நிம்மதியா இருந்துச்சு. ரெண்டாவது போனப்பவும் அப்படித்தான். போன்ல பேசுங்கன்னு அந்தப் பிள்ளை கெஞ்சுச்சு. அதையும் வேண்டாம்னுட்டேன். அவ மூஞ்சில முழிக்கப் பயந்து கெடந்திருக்கேன்."

அம்மை எழுந்தார். தரையில் இருந்தவருக்குக் கை கொடுத்தார். "சேலைக்குக் காத்திருப்பாங்க" என்றார்.

அக்காவுக்கு அரக்குச் சேலை கட்டினார்கள். எடுத்துக்கொண்டு போனார்கள். சுயம்புலிங்கம் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பி, கிணற்றடியில் தலை முழுகினார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியைக் குடித்துவிட்டு, போகிறவர்கள் எல்லாரும் அவரிடம் வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். "மனசை விட்டுராதீய அண்ணாச்சி. பஸ் கிடைக்காததுக்கு நீங்க என்ன செய்வீய?"

பின்கட்டில் முத்தரசி ஒருத்தியாக, தாயின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுயம்புலிங்கம் போய் அவள் எதிரில் நின்றார்.

"முத்து."

"என்ன மாமா?"

"பஸ் கிடைச்சுதும்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"ரெண்டு பஸ்ஸு வந்துச்சு. நாந்தான் ஏறலை. கடைசி சீட்டு, கூட்டம்னு சொல்லிட்டு நின்னேன். ஏறியிருந்தா உங்கம்மையைப் பாத்திருப்பேன். எல்லார்ட்டயும் பொய் சொன்னேன். உங்கிட்டயும் சொன்னேன்."

முத்தரசி பாயைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கோவம் இருக்கு மாமா" என்றாள். "இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்மா."

"ஆனா எங்கம்மைக்கு இது தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலம்பற நான் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துக்கிட்டு இருந்தேன், இன்னும் உங்களக் காணலையேன்னு. அம்ம சிரிச்சா. 'ஏட்டி, உம் மாமன் முத பஸ்ல ஏற மாட்டான். சீட்டுப் பாத்துத்தான் ஏறுவான். மத்தியானத்துக்கு மேலதான் வருவான்'னா. 'வழியில ஒண்ணும் திங்க மாட்டான், பசியோட வருவான். அவனுக்குச் சோத்தை எடுத்து வை'ன்னா."

சுயம்புலிங்கம் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வச்சியா?"

"வச்சேன். சோறு, அவரைக்காப் பொரியலு, ரெண்டு துண்டு கருவாடும் சுட்டு வைக்கச் சொன்னா. மடத்துல இருக்கவரு கருவாடு திம்பாரான்னு கேட்டேன். 'நான் குடுத்தா திம்பான்'னா."

அவள் குனிந்து பாயை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். மீதியையும் சொன்னாள்.

"உசுரு போனதும் வீட்டுல இருந்த சோறு, தண்ணி அம்புட்டையும் கொட்டிட்டாக மாமா. வழக்கமாமே. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். எனக்கு அப்ப ஒண்ணும் ஓடலை."

சுயம்புலிங்கம் அவள் தலையில் கை வைத்தார். பிறகு மெல்ல வெளியே வந்தார்.

அம்மை முன்வாசல் வேலி ஓரமாக நின்றிருந்தார். சுயம்புலிங்கம் பக்கத்தில் போய் நின்றார். தெருவில் பந்தல் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. நான் முத பஸ்ல ஏற மாட்டேன்னு."

அம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கா. கருவாடு சுட்டு வைக்கச் சொல்லியிருக்கா."

"ம்."

"எல்லாத்தையும் கொட்டிட்டாங்க."

பந்தல் துணி கீழே இறங்கியது. மூங்கில்கள் வெறுமையாக நின்றன. சுயம்புலிங்கம் குழந்தையைப்போலக் கேட்டார்.

"அந்தச் சோத்தை இனி நான் எங்கம்மா போய்ச் சாப்பிட?"

"சாப்பிட முடியாது, ஐயா" என்றார் அம்மை. "ஆனா எடுத்து வெச்சாங்க."